சுருங்கும்போது தொடாதே

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லெகோ ரயில்பெட்டியில் எண் ஒட்டும்போது, தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் அந்த அச்சுப் படலம், டெக்கால், சுருங்கியது, விரலால் நீவினேன், கிழிந்துவிட்டது, மூன்று தடவையும் அப்படித்தான் ஆனது என்றாய். கடைசியில் உன் குரல் கம்மியது எனக்குக் கேட்டது. அப்போது பதில் சொல்ல வரவில்லை. கை செய்கிற வேலையை வாயால் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அது சுருங்கியது உன் தப்பு இல்லை, சுருங்கத்தான் செய்யும். நீ மேலே தடவியது மைக்ரோ சால் என்ற திரவம். டெக்காலின் ஏட்டை இளக்கி, அடியில் இருக்கும் மேடு பள்ளத்தோடு படியவைப்பதுதான் அதன் வேலை. காய்ச்சிய பாலில் படியும் ஏடு போல அவ்வளவு மெல்லிசான படலம் அது. மருந்து பட்டதும் நெளிந்து சுருங்கும். பார்த்தால் எல்லாம் போச்சு என்றுதான் தோன்றும். கையை எடுத்துவிட்டு அப்படியே விட்டால், காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு தட்டையாகப் படிந்துவிடும். சுருங்கிக் கிடக்கும்போது அது ஈரமான அப்பளம் மாதிரி. விரல் பட்டால் கையோடு வந்துவிடும். தடவிவிட்டு எழுந்து போய்விடு. ராத்திரி ஒட்டினால் காலையில் பார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உன் சிநேகிதியிடம் நீ கொடுத்தனுப்பிய தாள்களையும் இரண்டு புட்டிகளையும் நான் சும்மா வைத்திருக்கவில்லை. சிங்கப்பூர்ச் சித்தப்பா உனக்கு வாங்கி வந்த லெகோ, பரணில் பிஸ்கட் டின்னில் இருந்தது. அதை இறக்கி, அந்தக் கட்டைகளில்தான் பழகினேன். முதல் வாரம் நாலு எண்களை நானும் கிழித்தேன். ஒரு கட்டையை அடியோடு கெடுத்தும் விட்டேன். ஒட்டிய பசையைத் துடைக்க, வீட்டில் கிடந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். பளபளப்பாக இருந்த பிளாஸ்டிக் கூழாக இளகி, பஞ்சு நூல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதில் அசிட்டோன் இருக்கிறது. லெகோ கட்டை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். நீ மறந்தும் அதைத் தொடாதே, தின்னரும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினால் விரல் எண்ணெய் போய்விடும், அது போதும்.

இப்போது அளவைப் பற்றி. நீ அனுப்பிய போட்டோவில் எண் ஏன் பொடியாகத் தெரிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டையின் மேல் வரிசையாக நிற்கும் புடைப்பைத்தான் மொட்டு என்கிறேன். உன் பெட்டி எட்டு மொட்டு அகலம். ஒரு மொட்டுக்கு 8 மில்லிமீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கட்டிய பெட்டியின் அகலம் 3,245 மில்லிமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு வருகிறது. நீ வாங்கிய தாளின் மூலையில் ஹெச்.ஓ. என்று போட்டிருக்கிறது, அது மாடல் ரயில் அளவு ஒன்றின் பெயர், நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. நிஜ ரயிலில் ஓர் அடி உயரமுள்ள எழுத்து அந்தத் தாளில் மூன்றரை மில்லிமீட்டர்தான். அதை உன் பெட்டியில் ஒட்டினால் ஏழு அங்குல எழுத்தாகத் தெரியும். உனக்குத் தேவை ஓ அளவுத் தாள், அது 48இல் ஒரு பங்கு. இதே பெட்டியை ஆறு மொட்டு அகலத்தில் கட்டியிருந்தால் 64இல் ஒரு பங்கான எஸ் அளவு ஒத்துவந்திருக்கும். வாங்கிய தாளைத் தூக்கிப் போடாதே. பெட்டியின் முனைச்சுவரில் பழுது பார்த்த தேதியெல்லாம் பொடியாக எழுதியிருப்பார்களே, அதற்கு அந்த எண்களே பொருத்தம்.

எழுத்து வடிவத்திலும் கவனம் வை. அமெரிக்க ரயில்களுக்கு என்று வரும் தாள்களில் ரோமன் என்று ஒன்று இருக்கும். எழுத்தின் நுனியெல்லாம் கால் விரித்து நிற்கும். நம் பெட்டிக்கு அது வேண்டாம். கோதிக் என்று போட்டிருப்பதை வாங்கு. வெட்டின மாதிரி நேரான எழுத்து, நம் ரயிலில் பார்க்கிற முகம் அதற்குத்தான் இருக்கிறது.

எண்களை ஒட்டும்போது ஸ்கேல் வைத்து இடைவெளி விடாதே. இது நாற்பது வருஷம் போர்டு எழுதிய கை சொல்வது. ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் அதிகம். ஏழுக்குக் காலடியில் வெற்றிடம். எட்டு இரண்டு பக்கமும் வயிறு தள்ளி நிற்கும். எல்லாவற்றுக்கும் சரியாக ஒரு மில்லிமீட்டர் விட்டால், ஒன்று மட்டும் தனியாக ஒதுங்கி நிற்கும். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக வெட்டு. கீழ்விளிம்புக்கு மட்டும் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டிக்கொள். நான் சுவரில் நூல் அடிப்பேனே, அதற்குப் பதில் அந்த டேப். மீதியைக் கண்ணால் பார்த்து நகர்த்து. ஈரம் இருக்கும்வரை நகரும், அதுதான் டெக்காலில் எனக்குப் பிடித்தது. பெயின்டில் வைத்த கோட்டை நகர்த்த முடியாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து இருபது நொடி முக்கி எடுத்து, ஒரு நிமிஷம் டிஷ்யூ மேல் வை. உரிக்காதே, தாளோடு கட்டையில் வைத்து, நனைத்த பிரஷ்ஷால் மெல்லத் தள்ளினால் தானே வழுக்கி இறங்கும். கட்டையில் முன்பே இன்னொரு புட்டியில் இருக்கும் மைக்ரோ செட் ஒரு சொட்டு தடவியிரு, பிடிப்புக்கு அதுதான் உதவும். ஓரத்திலிருந்து டிஷ்யூவால் ஈரத்தை ஒற்று. நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் செய்தபோது காய்ந்ததும் வெள்ளை உப்புக்கறை நின்றது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிவந்த பிறகுதான் சரியானது. உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரையும் ஒரு சொட்டு கட்டையில் காயவிட்டுப் பார்த்துக்கொள்.

இன்னொன்று. மொட்டில்லாத தட்டைக் கட்டையை ஓடு என்கிறேன். அப்படி ஒரே நீள ஓட்டில் எண் முழுவதும் அடங்கினால், மைக்ரோ சால் உனக்கு வேண்டவே வேண்டாம். லெகோவின் முகம் ஏற்கெனவே கண்ணாடி மாதிரி இருப்பதால் காற்று அடியில் சிக்காது. இரண்டு கட்டை சேரும் இடத்தைத் தாண்டும் எண்ணுக்கு மட்டும்தான் அது. காய்ந்த பிறகு புது பிளேடால் அந்த இணைப்பின் மேலேயே ஒரு கீறு கீறி, இன்னொரு சொட்டு தடவினால் விளிம்பு உள்ளே மடிந்துகொள்ளும். பிறகு கட்டைகளைப் பிரித்தாலும் எண் கிழியாது.

என்ன எண் போடப் போகிறாய் என்று நீ சொல்லவே இல்லை. எனக்கு ஓர் ஆசை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மதுரை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டி எண்களைப் படித்துக் காட்டுவேன். ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டும் கட்டிய வருஷம் என்று சொன்ன நாளிலிருந்து, 94 எங்கே, என் வருஷப் பெட்டி எங்கே என்று எஞ்சினிலிருந்து கடைசிவரை ஓடுவாய். கடைசி மூன்று இலக்கம் பெட்டியின் வகை. படுக்கை வசதிப் பெட்டிக்கு 201 முதல் 400க்குள் வரும். உன் பெட்டிக்கு 94218 போடு. 218 நம் பழைய வீட்டுக் கதவு எண், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றும் எட்டும் பக்கத்தில் வருவதால் இடைவெளி பழகவும் நல்ல எண்.

அடர் நீலமும் ஜன்னலை ஒட்டி வெளிர் நீலப் பட்டையுமாக நீ கட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரம்பூரில் அந்த வகைப் பெட்டி கட்டுவது 2018 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இப்போது இங்கே நிற்கிற வண்டிகளில் சிவப்புப் பெட்டிகள்தான் அதிகம். நீ தூங்கிக்கொண்டு போன பெட்டி உன் மேஜையில் இருக்கிறது.

தமிழ் எழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கடையில் தமிழ் டெக்கால் தாள் நான் தேடியவரை கிடைக்கவில்லை. பிரின்டரில் அடித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். கறுப்பு எழுத்துக்குச் சரி. வெள்ளைக்கு அந்த பிரின்டரில் மையே கிடையாது, மஞ்சள் மையோ ஊடுருவித் தெரியும். நீலத்தின் மேல் ஒட்டினால் எழுத்து காணாமல் போய்விடும். போர்டு வேலையிலும் இதே கதைதான். அடர் நிறத்தின் மேல் மஞ்சள் எழுத வேண்டுமானால் முதலில் வெள்ளை எழுதி, காயவிட்டு, அதன் மேல்தான் மஞ்சள் ஏற்றுவோம்.

அதையேதான் செய்திருக்கிறேன். நீ அனுப்பியதில் ஒன்றும் அச்சடிக்காத வெற்று டெக்கால் தாள் ஒன்று இருந்ததே, அதன் மேல் எனாமலில் கையால் எழுதினேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு நான் பிரஷ் பிடித்தது குறைவு என்று உனக்குத் தெரியும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பிடிக்கவே இல்லை. ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ஷில் நாலு முடி மட்டும் விட்டு மீதியைக் கத்தரித்தேன். பூதக்கண்ணாடி விளக்கை அம்மா பிடித்துக்கொண்டாள். எழுத்தின் உடல் 3 மில்லிமீட்டர். தமிழுக்கு மேலே சுழியும் கீழே காலும் வேண்டுமே, அதற்கு இன்னும் இரண்டு மில்லிமீட்டர் விட வேண்டியிருந்தது. அதுவும் 8 மில்லிமீட்டர் ஓட்டில் சரியாக உட்காரும். ‘மதுரை – சென்னை எழும்பூர்’ என்பதில் ‘ழு’தான் என்னை மூன்று நாள் படுத்தியது. அந்த அளவில் சுழி அடைத்துக்கொண்டு ஒரு பொட்டாகிவிடுகிறது. எனாமலை டர்பன்டைன் விட்டு இன்னும் நீர்க்கக் கலந்த பிறகுதான் திறந்து நின்றது. ‘னை’யை நான் தொழில் பழகின காலத்தில் துதிக்கை போட்டு எழுதுவோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் இந்த ஐகாரக் கொம்பு. உன்னுடையது 94ஆம் வருஷப் பெட்டி, அதனால் கொம்புதான் போட்டிருக்கிறேன்.

ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்கு மஞ்சள் ஓடுகளையே வைத்துக்கொள். அதன் மேல் கறுப்பு எழுத்துக்கு அடிப்பூச்சு தேவையில்லை. மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே இங்கிலீஷ். இந்தி எழுத்தை மனசிலிருந்து எழுதத் தெரியாததால் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், பலகைக்கு எதிரில் நின்று நோட்டில் வரைந்து வந்தேன். கடைசிப் பெட்டியின் பின்னால் போடும் மஞ்சள் பெருக்கல் குறியும் இருக்கிறது. அது இல்லாமல் ரயில் முடிந்த மாதிரி இருக்காது.

இந்தத் தாளில் படலம் முழுப் பக்கத்துக்கும் இருக்கிறது. அதனால் எழுத்தை ஒட்டியே வெட்டு, இல்லாவிட்டால் ஓரம் தெரியும். எனாமல் நன்றாகக் காய்ந்துவிட்டது, இருந்தாலும் இவற்றின் மேல் மைக்ரோ சால் படவேண்டாம், தண்ணீர் போதும். அம்மா எள்ளுப் பொடியும் வைக்கிறாள். எண்ணெய் பட்டுவிடக் கூடாது என்று தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போட்டிருக்கிறேன். பார்சலைத் திறந்ததும் முதலில் அதை வெளியே எடுத்துவிடு.

எல்லாவற்றையும் மும்மூன்று எழுதியிருக்கிறேன். மூன்றும் கிழிந்தால் தயங்காமல் சொல். வெற்றுத் தாள் இன்னும் பாதி என்னிடம் இருக்கிறது, பிரஷ்ஷையும் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா