கஞ்சிப் பானையும் ஊர்வல நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதக் கலவரம் மூண்ட பிறகு கூட்டப்படும் அமைதிக் கூட்டத்தில் இந்து, முஸ்லிம் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிறார்கள். மனம் சேர வேண்டுமானால் வேலையைச் சாதாரண நாட்களிலேயே தொடங்க வேண்டும்.

நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்போடுதான் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். கறி சேர்த்ததா இல்லையா என்று தெரியாததால் சைவக் குடும்பம் அதை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறது. கேட்கவும் கூச்சம். கொடுத்தவருக்கு இது தெரியவந்தால் மனவருத்தம். அக்கம்பக்கத்துக்கென்று தனிப் பாத்திரத்தில் காய்ச்சினால் இந்தச் சங்கடமே இல்லை. ஒரு கிலோ பச்சரிசி நொய்க்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், சுமார் பத்து லிட்டர் தண்ணீர். நொய் குழைந்த பிறகு தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கரண்டியும் தனியாக இருக்கட்டும். கறிச் சட்டியில் போட்ட கரண்டி இதில் விழுந்தால் அத்தனை அக்கறையும் வீண். கொடுக்கும்போது “இது சைவம்மா, தனியாக் காய்ச்சினது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சென்னை வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் கோயில் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாகச் சைவ உணவு பரிமாறி வருகிறார்கள். அதைத் தொடங்கியவர்கள், பிரிவினையால் சிந்து மண்ணை விட்டு அகதிகளாக வந்த இந்துக்கள். வெறுக்கக் காரணம் தேடியிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அவர்கள் தேடவில்லை.

அடுத்தது ஊர்வலம். 1882-ல் சேலத்தில் மூண்ட கலவரத்துக்கு, கோயில் ஊர்வலப் பாதையில் பள்ளிவாசல் கட்டியதில் எழுந்த தகராறே வித்து. இன்றும் பள்ளிவாசலைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் உரசல் வருகிறது. கூட்டுத் தொழுகை பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். மக்ரிப் தொழுகை சூரியன் மறைந்ததும் தொடங்குவதால் அதன் நேரம் நாளுக்கு நாள் நகரும். போன ஆண்டுக் குறிப்பு உதவாது. ஊர்வலக் குழுவினர் ஒரு வாரம் முன்பே பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியை நேரில் பார்த்து அன்றைய நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தலைவர்கள் பேசி முடித்ததை மேளக்காரர்களுக்கும் ஒலிபெருக்கி வண்டி ஓட்டுநருக்கும் யாரும் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது என்று அவர்கள் கையிலும் ஒரு சீட்டு இருக்கட்டும்.

ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. விநாயகர் ஊர்வல நாளன்று, ஊர்வலம் கடந்து செல்லும் பள்ளிவாசல்களின் தொழுகை நேரத்தையும் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சேலம்.