பி அண்ட் ஐடியைத் திருத்துங்கள்: எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலைத் தலைவர் அவர்களுக்கும் திட்டப் பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சால்வென்ட் பகுதியில் போன வாரம் நடந்தது 'நியர் மிஸ்' (நூலிழையில் தப்பிய விபத்து) அறிக்கையாக உங்கள் மேசைக்கு வந்திருக்கும். காயம் யாருக்கும் இல்லை என்பதால் கோப்பை மூடிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பம்ப் சீல் மாற்றப் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) போட்டோம். குழாய், வால்வு, கருவிகளைக் காட்டும் பி அண்ட் ஐடி டிராயிங்தான் எங்கள் வழிகாட்டி. டிராயிங்கில் சக்‌ஷன் பக்கம் ஒரு வால்வு, டிஸ்சார்ஜ் பக்கம் ஒரு வால்வு. இரண்டையும் மூடிப் பூட்டி, டேக் கட்டி, டிரெயினைத் திறந்து, சொட்டு நின்றதைப் பார்த்த பிறகே ஃபிட்டரை அனுப்பினோம். அவர் போல்ட்டைத் தளர்த்தும் நேரத்தில், பக்கத்துப் பம்ப்புக்காகக் கண்ட்ரோல் ரூமில் ஃபிளஷிங் (குழாயைக் கழுவிவிடுவது) தொடங்கினார்கள். டொலுயீன் என்ற கரைப்பான் நேராக அவருடைய முகக்கவசத்தில் அடித்தது. இரண்டு பம்ப்புக்கும் பொதுவாக ஒரு ஃபிளஷிங் லைன், ஓர் ஆட்டோ வால்வு. முந்தைய ஷட்டவுனில் போட்டது, இன்சுலேஷனுக்குள் போகிறது. டிராயிங்கில் அந்த லைனே இல்லை. கவசம் போடாமல் இருந்திருந்தால் அவர் கண் என்ன ஆகியிருக்கும்?

பெர்மிட்டில் கையெழுத்துப் போட்ட ஷிப்ட் இன்சார்ஜிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். சரி, கேளுங்கள். ஆனால் லைனைப் போட்டுவிட்டு டிராயிங்கைத் திருத்தாமல் விட்டவர்களிடம் யார் கேட்பது?

இது அந்த ஒரு பம்ப்போடு நிற்கும் விஷயமும் இல்லை. ரியாக்டரின் கூலிங் வாட்டர் வால்வு டிராயிங்கில் எஃப்ஓ, அதாவது 'ஃபெயில் ஓபன்'. வால்வை இயக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் போனால் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். புதிதாக மாற்றிய வால்வின் தகட்டிலோ எஃப்சி, 'ஃபெயில் க்ளோஸ்டு' என்றிருக்கிறது; ஏர் போனால் மூடிக்கொள்ளும். ஏர் போகும் இரவில் ரியாக்டர் சூடேறும்போது, ஆபரேட்டர் எதை நம்பி முடிவெடுப்பார்?

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை 1974 ஜூன் 1 அன்று வெடித்து 28 பேர் இறந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. ஐந்தாவது ரியாக்டரைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள்; அது உடைந்துதான் வெடித்தது. அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம், பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. நம் ஃபிளஷிங் லைனுக்கு அதுவும் இல்லை.

ஆடிட் வந்தால் பெயின்ட் அடிக்கப் பணம் வருகிறது. டிராயிங் திருத்த ஒரு டிராஃப்ட்ஸ்மேன் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறீர்கள். காண்ட்ராக்ட் தொழிலாளருக்கு ஹெல்மெட்டைக் கொடுத்து, ஒரு வீடியோ காட்டி உள்ளே அனுப்புகிறோம். டிராயிங்கில் வட்டத்துக்குள் கோடு இருந்தால் அந்தக் கருவி கண்ட்ரோல் ரூமில், கோடு இல்லாவிட்டால் பீல்டில் என்ற அடிப்படையைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கழற்றப்போகும் லைனை வரைபடத்தில் பார்க்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, கண்ணெதிரே தெரியும் ஆபத்தை நிர்வாகத்திடம் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். அந்த உரிமையோடுதான் கேட்கிறேன்: பிளான்ட்டில் இருப்பதை டிராயிங்கில் கொண்டுவாருங்கள்.

சால்வென்ட் பகுதியிலிருந்து தொடங்கலாம். ஒரு டிராஃப்ட்ஸ்மேனையும் ஓர் இன்ஸ்ட்ருமென்ட் ஆளையும் எங்களோடு அனுப்புங்கள். லைன் லைனாக நடந்து, சிவப்புப் பேனாவால் குறித்துத் தருகிறோம். திருத்திய பிரதி கண்ட்ரோல் ரூமுக்கு வரும்வரை அங்கே டிராயிங்கை மட்டும் பார்த்துப் பெர்மிட் கொடுக்க வேண்டாம். பீல்டில் லைனைத் தொடர்ந்து நடந்து பார்த்த (லைன் டிரேஸ்) பிறகே கொடுக்கச் சொல்லுங்கள். இனி எந்த மாற்றம் செய்தாலும், டிராயிங் திருத்தாமல் அந்த லைனைச் சார்ஜ் செய்ய (உள்ளே திரவம் விட) அனுமதிக்காதீர்கள். அடுத்த ஷட்டவுனுக்கு முன் இந்த உத்தரவைப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சால்வென்ட் பகுதி ஆபரேட்டர்