கணினிக்கு முன்னால் கடிகாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குவாண்டம் கணினி குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கடினமான பொருளைத் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன கட்டுரையாளருக்கு என் பாராட்டுகள். ஆனால் 2012-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை செர்ஜ் ஹரோஷுடன் பகிர்ந்துகொண்ட அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் வைன்லாண்டைக் குவாண்டம் கணினியின் முன்னோடி என்ற ஒரே வரியோடு கடந்து சென்றது எனக்குக் குறையாகவே பட்டது. அவருடைய ஆய்வுகளைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்க்கிறவர்களுக்கு, அவர் தேடிப் போனது துல்லியமான கடிகாரத்தையே என்பதும், கணினிக்கான வழி அந்தத் தேடலின் நடுவே திறந்தது என்பதும் விளங்கும்.

அணு உறிஞ்சும் அல்லது உமிழும் அலையின் மாறாத அதிர்வெண்ணையே துடிப்பாகக் கொள்வது அணுக் கடிகாரம். ஹார்வர்டில் நார்மன் ராம்சேயிடம் 1970-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றதே, கன ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து அத்தகைய சீரான நுண்ணலையைப் பெறும் டியூட்டீரியம் மேசர் பற்றிய ஆய்வுக்காகத்தான். பிறகு இயற்பியலாளர் ஹான்ஸ் டெமெல்ட்டிடம் சேர்ந்து, மின்னூட்டம் கொண்ட துகள்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வெற்றிடத்தில் பிடித்துவைக்கும் நுட்பத்தைக் கற்றார். இப்படிப் பொறியில் அடைபட்ட அயனியும் (மின்னூட்டம் பெற்ற அணுவும்) சும்மா இருப்பதில்லை. அது அசைந்துகொண்டே இருப்பதால் அதன் நிறமாலைக் கோடு, அதாவது அது உறிஞ்சும் குறிப்பிட்ட அலைநீளம், இடம் மாறுகிறது, அகலமாகிறது, அளவீடு கெடுகிறது. இதற்கு அவரும் டெமெல்ட்டும் 1975-இல் ஒரு வழி சொன்னார்கள். அயனி உறிஞ்சும் அலைநீளத்தைவிடச் சற்றே நீண்ட அலைநீளத்தில் லேசரைச் செலுத்தினால், லேசரை எதிர்கொண்டு வரும் அயனியே அதை அதிகமாக உறிஞ்சும்; எதிரே வருகிறவருக்கு அலைநீளம் குறைந்து தோன்றும் டாப்ளர் விளைவே காரணம். உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் சிறிது குறையும்; வேகம் குறைவதே குளிர்வது. 1978-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஆய்வகத்தில் அவருடைய குழு மெக்னீசியம் அயனிகளை 40 கெல்வினுக்கும் (சுமார் −233 டிகிரி செல்சியஸுக்கும்) கீழே குளிர்வித்துக் காட்டியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் டோஷெக் குழுவினர், டெமெல்ட்டுடன் இணைந்து, பேரியம் அயனிகளைக் குளிர்வித்தனர்.

ஒற்றை அணுவை வைத்து நாம் ஒருபோதும் சோதனை செய்வதில்லை என்று குவாண்டம் இயற்பியலின் முன்னோடி ஷ்ரோடிங்கர் 1952-இல் எழுதினார். ஆனால் 1986-இல் போல்டரில் ஒற்றைப் பாதரச அயனியின் மீது 194 நானோமீட்டர் லேசர் விழுந்தபோது அது இடைவிடாமல் ஒளியைச் சிதறடித்தது. அயனி வேறோர் ஆற்றல் மட்டத்துக்குத் தாவிய கணத்தில் அந்த ஒளி சட்டென்று அணைந்தது. அது கீழே திரும்பியதும் மீண்டும் எரிந்தது. குவாண்டம் தாவல் என்று ஏட்டில் மட்டும் படித்திருந்ததைக் கருவியின் வரைகோட்டில் படிப்படியாக ஏறி இறங்கக் காண முடிந்தது. (வேறு இரண்டு குழுக்களும் அதே ஆண்டில் பேரியம் அயனியில் இதைக் கண்டன.) 1989-இல் இன்னொரு பாதரச அயனியின் அசைவை, குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த நிலைக்கே இறக்கினார்கள், அந்த நிலையில் அது 95 விழுக்காடு நேரம் இருந்தது. கடிகாரத்துக்காகப் பெற்ற இந்தக் கட்டுப்பாடு கையில் இருந்ததால்தான், கோட்பாட்டாளர்கள் சிராக்கும் சோலரும் 1995-இல் அயனிகளால் குவாண்டம் கணினி அமைக்கும் கருத்தை வெளியிட்டதும், அதே ஆண்டிலேயே ஒற்றைப் பெரிலியம் அயனியில், கணினியின் அடிப்படைச் செயலான தர்க்கக் கதவு ஒன்றை இயக்கிக் காட்ட முடிந்தது.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது இதற்குப் பிந்தைய பகுதி. என் மனத்துக்கு மிக நெருக்கமானதும் அதுவே. கடிகாரத்துக்கு அலுமினிய அயனி மிகப் பொருத்தமானது; 267 நானோமீட்டரில் உள்ள அதன் கோடு மிக மெல்லியது, புறத்தாக்கங்களுக்கு எளிதில் அசைந்துகொடுக்காதது. ஆனால் அதை நேரடியாகக் குளிர்விக்கவும் அதன் நிலையை வாசிக்கவும் 167 நானோமீட்டர் ஒளி வேண்டும். அந்த அலைநீளத்தில் உகந்த லேசர் கிடைப்பது அரிது. 2005-இல் வைன்லாண்டின் குழு அலுமினிய அயனிக்குப் பக்கத்தில் ஒரு பெரிலியம் அயனியை வைத்தது. இரண்டும் மின்விசையால் ஒன்றையொன்று தள்ளுவதால் சேர்ந்தே அதிர்கின்றன. பெரிலியத்தைக் குளிர்வித்தால் அலுமினியமும் குளிர்கிறது. அலுமினியத்தின் நிலை அந்தப் பொது அதிர்வுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து பெரிலியத்துக்கு வந்து, அதன் ஒளியாகவோ இருளாகவோ வாசிக்கப்படுகிறது. கணினிக்கென்று உருவான தர்க்கச் செயல்முறை நிறமாலையியலுக்கே திரும்பி வந்து பயன்பட்ட இடம் இது.

இந்த முறையில் இயங்கிய கடிகாரம் 2010-இல் சுமார் 370 கோடி ஆண்டுகளுக்கு ஒரு நொடி பிசகும் அளவுக்குத் துல்லியம் பெற்றிருந்தது. அதே ஆண்டில் இத்தகைய இரண்டு கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தபோது, உயரே ஈர்ப்பு குறைவதால் கடிகாரம் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொல்வதுபோலவே, அது மற்றதைவிடச் சற்று வேகமாக ஓடியது.

வைன்லாண்டின் சக ஆய்வாளர்களான இட்டானோ, பெர்க்விஸ்ட் போன்றோரின் பெயர்கள் இந்த ஆய்வறிக்கைகளில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வருவதையும் குறிப்பிட வேண்டும். ஒரே ஆய்வகத்தில், ஒரே கேள்வியின் மேல், சேர்ந்து உழைத்தவர்கள் அவர்கள். அயனிக் கடிகாரங்களைப் பற்றியும் ஒரு கட்டுரையை அதே கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்