அக்ரன் வீட்டில் வாசித்ததைச் சொல்லுங்கள்

மது மீட்புக் கூட்டங்களை நடத்தும் மூத்த தோழர்களுக்கு,

வணக்கம். குடியில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, உங்களைப் போன்றவர்களின் கையைப் பிடித்துக் கரையேறியவன் நான். அந்த நன்றி என்றும் இருக்கும். மனதில் ஒரு குறையும் இருக்கிறது.

புதிதாக வந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் கேட்டேன்: நம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் சொல்லித்தரும் இந்தப் பன்னிரண்டு மீட்புப் படிகளை எழுதியவர்கள் இதையெல்லாம் எங்கிருந்து கற்றார்கள்? "இங்கே மதம் பேசுவதில்லை" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர், எதையோ மறைக்கிறார்கள் என்று என்னிடம் முணுமுணுத்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது? 1935 கோடையில், இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் மற்றவரான டாக்டர் பாப் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் பாபின் மனைவி ஆன் பைபிளைத் திறந்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு படிகள் அப்போது எழுதப்படவே இல்லை. மலைப்பிரசங்கம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், யாக்கோபு நிருபம் இந்த மூன்றும்தான் தங்களுக்கு இன்றியமையாதவையாக இருந்தன என்று பாபே 1948இல் டெட்ராய்ட் உரையில் சொன்னார். யாக்கோபு மீது அவர்களுக்கு இருந்த பிரியத்தில், இயக்கத்துக்கே யாக்கோபின் பெயரை வைக்கலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

நான் முருகன் கோயிலுக்குப் போகும் வீட்டில் வளர்ந்தவன். யாக்கோபை முதல்முறை படித்தபோது 5ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று இருந்தது. நடுங்கிக்கொண்டே என் வழிகாட்டியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிய அந்த ஐந்தாம் படியைத்தான் அதில் கண்டேன். மலைப்பிரசங்கத்தில் "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று வாசித்தபோதும் அப்படித்தான். இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இரு என்று நீங்கள் எனக்குச் சொன்னது காதில் கேட்டது. மதம் மாறும் எண்ணம் எனக்கு வரவில்லை. இந்த வழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததில் பிடிமானம்தான் கூடியது.

அவர்கள் பைபிளோடு நின்றுவிடவும் இல்லை. 1934 டிசம்பரில் நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையில் கிடந்த பில்லின் கைக்கு வந்தது வில்லியம் ஜேம்ஸின் 'சமய அனுபவத்தின் வகைகள்', 1902இல் வந்த புத்தகம். உளவியலாளர் எழுதியது, குடியில் வீழ்ந்து மீண்ட ஹேட்லி என்பவரின் சாட்சியமும் அதில் உண்டு. அக்ரனில் எம்மெட் ஃபாக்ஸ், ஹென்றி டிரம்மண்ட் என்ற சமய எழுத்தாளர்களின் நூல்களையும் படித்தார்கள். 1935 வசந்தத்தில்தான் வெளிவரத் தொடங்கிய 'அப்பர் ரூம்' என்ற மெதடிஸ்ட் தினத் தியானப் பிரதியும் அவர்கள் கையில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தாரோடு இருந்து பழகிய பழக்கம் இது.

அப்புறம் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குழுவோடு கூடுவது கத்தோலிக்கர்களுக்குச் சிக்கலாக இருந்தது. 1939 மே மாதத்தில் கிளீவ்லண்டில் தனிக் கூட்டம் பிறந்ததற்கு அது ஒரு காரணம். அதற்கு ஒரு மாதம் முன் வந்த, 'பெரிய புத்தகம்' என்று நாம் சொல்லும் இயக்கத்தின் அடிப்படை நூலிலேயே, கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்று எழுதியிருந்தார்கள். நம்பிக்கையில்லாதவர்களும் உள்ளே இருந்து வாதாடியதால் கிடைத்த சொற்கள் அவை. பைபிளை நெஞ்சோடு அணைத்துப் படித்தவர்களே, படிக்காதவனும் பிழைக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதனால் கேட்கிறேன். புதியவர் ஒருவர் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாலையை இந்தப் புத்தகங்களுக்கு ஒதுக்குங்கள். யாக்கோபு ஐந்தே அதிகாரம். ஒரே உட்காரலில் வாசித்துவிடலாம். விருப்பமில்லாதவர் அன்று வராமல் இருக்கட்டும், யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம். வாசிப்பதற்கு ஆள் தேவை என்றால் நான் வருகிறேன். நாற்காலிகளையும் நானே போடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு குடிநோயாளி