ஆறு கப்பும் ஒரே அளவில்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. பாதியில் யாராவது "ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மி" என்று வந்து நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். கடை சாத்திய பிறகு நிதானமாகப் படியுங்கள்.

இங்கே குயவர் சக்கரத்தில் மண்பாண்டம் செய்யப் பழகுகிறேன் அல்லவா, நான் செய்த ஆறு கப்பையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "ஆறும் ஆறு சைஸ்ல இருக்கே, இதுல டீ ஊத்திக் குடுத்தா சண்டைதான் வரும்" என்றீர்கள். டீக்கடைக்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். இங்கே வார்டில் என்னோடு இருக்கும் நர்ஸுகள் எல்லாரும், கையால் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது, அதுதான் அழகு என்றார்கள். நான் உங்கள் கட்சி. கையால் செய்தால் கோணலாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்?

இந்த ஊரில் அந்தப் பேச்சு எடுபடவும் செய்யாது. ஊரே பீங்கான் ஊர். பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஆறு ஊர்களை 1910இல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டோக் ஆக்கினார்கள். களிமண்ணும் நிலக்கரியும் ஒரே இடத்தில் கிடைத்ததால் தொழில் இங்கே வேர்விட்டது. பாட்டில் மாதிரி வயிறு பருத்து, கழுத்து குறுகி, செங்கல்லால் கட்டிய பீங்கான் சூளைகள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் நின்று புகை கக்கினவாம். 1956இல் புகையைத் தடுக்கச் சட்டம் வந்தது. கேஸும் மின்சாரமும் வந்தபின் அந்தச் சூளைகளை இடித்துவிட்டார்கள். மிச்சம் ஐம்பதுகூட இல்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. ஓட்டலில் போய் உட்கார்ந்தால், வயதானவர்கள் தட்டைத் திருப்பி அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள்!

எனக்குச் சொல்லித்தருபவர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். எழுபது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, 'சார்'தான். கம்பெனியில் கப்பைச் சக்கரத்தில் கையால் இழுப்பதில்லை. பிளாஸ்டர் அச்சுக்குள் மண்ணைப் போட்டு மெஷின் அழுத்திச் சுற்றிவிடும், எல்லாம் அச்சு மாறாமல் வரும். கையால் செய்யும்போது அந்த அச்சு உன் கையில் இருக்க வேண்டும் என்பார்.

அதற்கு முதல் வேலை தராசு. இங்கே குயவர்கள் இன்னும் பவுண்டு, அவுன்சுக் கணக்கில்தான் மண்ணை நிறுக்கிறார்கள். ஒரு மக்குக்கு 14 அவுன்சு, நம் கணக்கில் ஏறக்குறைய 400 கிராம். சக்கரத்தில் உட்காருவதற்கு முன்னாலேயே எல்லா உருண்டையையும் நிறுத்துப் பிசைந்து வரிசையாக வைத்துவிட வேண்டும். கண் மதிப்பில் எடுத்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

அப்புறம் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, ஆடாமல் நிற்கும்வரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நடுவில் விரலை இறக்கிக் குழி எடுத்து, அடியில் ஊசி குத்திக் கனம் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து, அடியிலிருந்து விளிம்புவரை மண்ணை மேலே இழுக்க வேண்டும். மூன்றே இழுப்பு. நான்காவது இழுத்தால் மண் தண்ணீர் குடித்துச் சோர்ந்துவிடும், இடுப்பு மடங்கி உட்கார்ந்துவிடும்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் குச்சி செருகி, அதன் நுனி விளிம்பு வரவேண்டிய இடத்தைக் காட்டும்படி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கப்பின் விளிம்பும் அந்த நுனியைத் தொடாத குறையாக நிற்க வேண்டும். உயரம் 11 சென்டிமீட்டர், வாய் 9. விளிம்பு குச்சியை எட்டவில்லையென்றால் அவர் பேசவே மாட்டார். கம்பியை எடுத்துக் கொடுப்பார். கப்பை மேலிருந்து கீழே நெடுக்காக இரண்டாக அறுக்க வேண்டும். அறுத்துப் பார்த்தால் திருட்டு தெரிந்துவிடும்: மேலே மெல்லிசாக இருக்கும் சுவர், அடியில் மூலை திரும்பும் இடத்தில் விரல் கனத்துக்கு நிற்கும். மண் எங்கும் போகவில்லை, மேலே ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டது. ஆறு உருண்டையும் ஒரே எடை, ஆனால் ஒவ்வொன்றிலும் அடியில் தங்குவது வேறு வேறு. படத்தில் நீங்கள் பார்த்த ஆறு சைஸும் அப்படி வந்தவைதான்.

நீங்கள் டீ ஆற்றுவது எனக்கு இப்போதுதான் புரிகிறது அப்பா. கையை எவ்வளவு உயர்த்துவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, ஆனாலும் எல்லா கிளாஸிலும் நுரை ஒரே அளவு நிற்கும். இதுவும் அப்படித்தான். கப்பைப் பார்த்துச் சரிசெய்தால் நடக்காது. அதே தண்ணீர், அதே வேகம், அதே விரல், அதே மூன்று இழுப்பு. வரிசை மாறாவிட்டால் அளவு தானாக நிற்கிறது.

பீங்கான் தொழிலில் இந்த ஊரின் பெரிய புள்ளி ஜோசையா வெட்ஜ்வுட், 1730இல் பிறந்தவர். சின்ன வயதில் பெரியம்மை வந்து அவருடைய முட்டி பலவீனமாகிவிட்டது. காலால் சக்கரம் மிதிக்க முடியவில்லை. அதனால் மண் கலவை, மேற்பூச்சு, வடிவம் என்று திரும்பியவர், 1768இல் அந்தக் காலையே எடுத்த பிறகும் தொழிலை விடவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அந்த அறுவை சிகிச்சைதான் கண்ணில் நிற்கிறது. மயக்க மருந்து இல்லாத காலம்!

சரி, இப்போது உங்களிடம் ஒரு வேலை. நம் கடை கிளாஸ் அளவில், கைப்பிடி இல்லாமல் ஆறு செய்யப்போகிறேன். களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். எங்கள் மண் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்குகிறது. உயரம், அகலம் எல்லாம் சேர்ந்து சுருங்குவதால் உள்ளே பிடிக்கும் டீயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் கண்ணால் பார்த்து, "நூறு மில்லி இருக்கும்" என்று சொல்லாதீர்கள். அம்மாவின் மருந்து மூடியை வைத்து, ஒரு கிளாஸில் விளிம்புவரை எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கிளாஸின் உயரமும் வாய் அகலமும் வேண்டும், தையல்கடை அண்ணனிடம் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கிளாஸ் வேண்டாம், புதிதாக வாங்கிய டஜனில் ஒன்றை எடுத்து அளங்கள். மீதியை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்பு மகள்