மாப்ள, உன் கீபோர்டுக்கு ஒரு ஆள் சொல்றேன்

மாப்ள,

லெட்டர் வந்துச்சு. பொண்ணு காலேஜ் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம், தங்கச்சியையும் கேட்டேன்னு சொல்லு. இங்க எல்லாரும் சுகம், எனக்கு சுகர் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குது, அதை விடு. கடைசில போட்டிருக்கியே, கீபோர்டு வாங்கிட்டேன், ரோட்ஸ்ங்கற எலக்ட்ரிக் பியானோ சவுண்டு இருக்கு, ஆனா வாசிச்சா உயிரே இல்லன்னு, அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

ரிச்சர்ட் டீ (Tee)ன்னு ஒரு கீபோர்டு ஆள். பேரு தெரிஞ்சிருக்காது, ஆனா வாசிப்பைக் கேட்டிருப்ப. 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாட்டு இருக்குல்ல, க்ரோவர் வாஷிங்டன் சாக்ஸ், பில் விதர்ஸ் பாடுனது, 1981ல அமெரிக்க சார்ட்ல 2வது இடம் வரை போச்சு, அதுல அந்த மினுமினுன்னு வர்ற ரோட்ஸ் இவர்தான். நம்மள்ல எத்தனை பேர் அந்த கார்டு (chord) வரிசையை மனப்பாடமா வாசிச்சிருக்கோம், யார் கை அதுன்னு ஒருத்தனாவது கேட்டோமா?

ஆளு நியூயார்க் ப்ரூக்ளின்ல 1943ல பொறந்தவர். கை பூரா சர்ச்சுல வாசிக்கிற காஸ்பல் ஸ்டைல். பெரிய கை, இடது கை ஆக்டேவா, அதாவது ஒரே ஸ்வரத்தை மேலயும் கீழயும் சேர்த்து, இறங்குனா பேஸ் கிட்டார்காரனுக்கே வேலை இல்லாம போயிடும்னு தோணும், ஆனா கூட பேஸ் இருந்தா அவன் வழில குறுக்க வரமாட்டார், அதுதான் செஷன்காரனோட, அதாவது அடுத்தவங்க ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிறவனோட புத்தி. ஸ்டுடியோல கூப்பிடுவாங்க, போகணும், முன்னாடி வைக்கிற பேப்பரைப் பாத்து வாசிக்கணும், பாட்டுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் குடுத்துட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குக் கெளம்பணும். பேரு கவர் பின்னாடி பொடி எழுத்துல வரும், அவ்வளவுதான்.

பாடகர் பால் சைமன் இவரை விடவே இல்ல. 1980ல சைமன் எழுதி நடிச்ச 'ஒன் ட்ரிக் போனி' படத்துல பேண்டு ஆளாவே நடிக்க வச்சார், அடுத்த வருஷம் செப்டம்பர்ல சைமனும் அவரோட பழைய ஜோடி கார்ஃபங்கலும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஃப்ரீயா பாடுனாங்க பாரு, 5 லட்சம் பேர் வந்ததா சொல்வாங்க, அங்கயும் கீபோர்டுல இவர் இருந்தார். 1986ல பீட்டர் கேப்ரியலும் கேட் புஷ்ஷும் பாடுன 'டோன்ட் கிவ் அப்'ல பியானோவும் இவர்தான், அந்த சோகத்துக்கு நடுவுல திடீர்னு சர்ச் வாடை அடிக்கும்ல, அந்த இடத்தை மறுபடி கேளு.

ஆனா நீ மொதல்ல கேக்க வேண்டியது 'ஸ்டஃப்'ங்கற பேண்டு. 1976ல அவங்க பேர்லயே ஆல்பம் வந்துச்சு. எல்லாருமே செஷன் ஆளுங்க, மன்ஹாட்டன்ல மைக்கெல்ஸ்னு ஒரு கிளப்ல வாசிச்சு வாசிச்சு சேர்ந்தவங்க. ரெண்டு ட்ரம்ஸ், ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், நடுவுல கீபோர்டுல நம்ம ரிச்சர்ட் டீ. பந்தில ஆறு பேர் நெருக்கி உக்காந்து ஒருத்தன் முழங்கை இன்னொருத்தன் இலைல படாம சாப்பிடுற மாதிரி வாசிப்பாங்கடா! சோலோன்னு பெருசா ஒண்ணும் இருக்காது, எவனும் வேகம் காட்டமாட்டான், ஆனா கால் தானா ஆட ஆரம்பிச்சுரும்.

தனி ஆல்பமும் போட்டார், 1979ல 'ஸ்ட்ரோக்கின்'. எனக்கு அது பரவால்ல ரகம்தான், பாடவும் செய்றார், மோசமில்ல. ஆனா இன்னொருத்தர் பாட்டுக்குப் பின்னாடி நிக்கும்போது வர்ற டீ வேற லெவல். அவரும் ட்ரம்மர் ஸ்டீவ் காட்டும் ரெண்டே பேரா 'டேக் த ஏ ட்ரெயின்' வாசிச்சது இருக்கு, அதைத் தேடிப் பிடி, இடது கை எப்படி வண்டியை இழுக்குதுன்னு தெரியும். பாவம், 1993ல கேன்சர்ல போயிட்டார், 50 வயசு கூட ஆகல.

இப்ப உன் விஷயத்துக்கு வா. நிஜ ரோட்ஸ்ல சின்ன சுத்தியல் ஒரு உலோகக் கம்பியை அடிக்கும், பிக்கப் அதை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், அதனால மெல்ல தொட்டா மணி மாதிரி, ஓங்கி அடிச்சா கரகரன்னு வரும். உன் கீபோர்டுல டச் சென்சிடிவிட்டி, அதாவது அடிக்கிற வேகத்துக்கு ஏத்த மாதிரி சவுண்டு மாறுற வசதி, ஆஃப்ல இருந்தா அந்த வித்தியாசமே வராது, உயிர் எங்கேர்ந்து வரும்? முதல்ல அதை ஆன் பண்ணு. அப்புறம் எஃபெக்ட்ல ஃபேஸர்னு, சவுண்டை அலை அலையா சுழல விடுறது ஒண்ணு இருக்கும், அதை மெதுவா சுத்த விடு, டீயோட அந்த மினுமினுப்பு பாதி அதுலேர்ந்துதான். ரெவெர்பை, அந்த எதிரொலியை மட்டும் குறை, நீ எப்பவுமே அதை அள்ளிக் கொட்டுவ.

எந்த மாடல் வாங்குனன்னு சொல்லவே இல்லையே? வாசிச்சு போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பு, தப்பு இருந்தாலும் பரவால்ல, எடிட் பண்ணாம அனுப்பு.