ஒக்கீப்பில் நான் பார்க்காதது

டர்பன் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸ் நினைவாக ஒரு கல்வெட்டும் கோயில் படமும் வைத்தால் போதும் என்று உங்களில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். முடிவெடுக்கும் முன் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில் உள்ள நமக்குவாலாந்தில் நான் கண்டதைக் கேளுங்கள்.

அங்குள்ள ஒக்கீப் பழைய செம்புச் சுரங்க ஊர். அந்த வட்டாரத்தில் செம்பு உண்டென்பது அங்கத்திய பூர்வகுடிகளான நாமா மக்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். கேப் குடியேற்றத்தின் டச்சு ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-இல்தான் அந்த வட்டாரத்துச் செம்பு மலைக்குப் போய்க் குழி வெட்டிப் பார்த்தார். தண்ணீர் அரிது, கடலோ தொலைவு, அப்படியே கிடந்தது. 1852-இல் பக்கத்து ஊரான ஸ்பிரிங்பொக்கில் சுரங்க வேலை தொடங்கியது. பிறகு ஒக்கீப்பிலிருந்து போர்ட் நொல்லோத் துறை வரை இருப்புப்பாதை போட்டு 1876-இல் முடித்தார்கள். அதில் வண்டியை முதலில் இழுத்தது என்ஜின் அல்ல, கோவேறு கழுதைகள்! அங்கிருந்து தாது கப்பலேறி வேல்ஸ் நாட்டு சுவான்சி உலைகளுக்குப் போனது.

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க 1882-இல் வைத்த நீராவிப் பம்பு இன்றும் தன் கல் கட்டடத்தோடு நிற்கிறது. புகைபோக்கியும் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டேன், அழகுதான். ஆனால் தாதைச் சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? நாமாக்களின் கோரைப்பாய்க் குடிசை ஒன்றைக்கூட அங்கே நான் பார்க்கவில்லை. விறகுக்கு வெட்டியும் வண்டி மாடுகள் மேய்ந்தும் சுற்றுப்புறப் புதர்களும் அழிந்தன. எந்திரத்துக்குக் காவல் உண்டு, குடித்தனத்துக்கு இல்லை.

நம் கதையும் அங்கேதான் போகிறது. டர்பனின் சோம்ட்சூ சாலைப் பக்கம் மேகசின் பராக்ஸின் அந்த வரிசை வீடுகளில்தான் என் ஆயா பிறந்தார். 1960-களில் அங்கிருந்தவர்களை டர்பனுக்கு வெளியே இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். அவர் கடைசிவரை பேசியது கோயிலைப் பற்றி அல்ல (சாமி கோபிக்காது), குழாயடிச் சண்டையைப் பற்றித்தான்.

ஆகவே கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் அறையின் நீள அகலத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். குழாயடி எங்கே, யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டு வரைபடம் போடுங்கள். இந்த வருஷமே போங்கள். அவர்களில் பலருக்கு எண்பது நெருங்குகிறது.

ஆயா அங்கிருந்து கொண்டுவந்த செம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அடி நசுங்கியது. வைப்பதானால் தருகிறேன்; புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பராக்ஸ்காரி ஒருத்தியின் பேரன்